திபெத்தியரின் கேசர் காப்பியம் – ஓர் அறிமுகம்

காப்பியம் என்றால் எழுதி முடிக்கப்பட்ட நூல் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆசிரியர் யார், காலம் யாது, பாட்டுத்தொகை எத்தனை, பாடவேறுபாடுகள் யாவை என வகுப்பறையில் நாம் எழுப்பும் வினாக்கள் எல்லாம் அந்த எண்ணத்தின் வழிப்பட்டவை. இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் ஒற்றை விடை தராத பெருங்காப்பியம் ஒன்று இமயத்திற்கு அப்பால் இன்றும் மக்கள் நாவில் வாழ்ந்து வருகிறது. அதற்குத் தனி ஆசிரியர் இல்லை. முடிந்த முடிபான மூலபாடம் இல்லை. அதனைப் பாடிய பெரும்புலவர் பலருக்கு எழுத்தே தெரியாது. லிங் என்னும் நாட்டின் வேந்தனாகிய கேசரின் பிறப்பு, இளமை, முடிசூட்டு, போர்கள், மறைவு ஆகியவற்றைப் பாடும் திபெத்தியக் காப்பியமே அது.

தமிழ்த்துறை மலர் ஒன்றில் இதனைப்பற்றி எழுதப் புகுவதற்குக் காரணங்கள் இரண்டு. வாய்மொழிக் காப்பியம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது என்பதை ஏட்டுச் சான்றுகளிலிருந்து ஊகித்தறியாமல் கண்ணெதிரே காண வாய்ப்பளித்த நிலங்களுள் திபெத் தலையாயது. அஃது ஒன்று. பௌத்தரின் காப்பியம் என்று பொதுவாகக் கூறப்படும் இதனைப் பால்டிஸ்தானத்து முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகத் தம்முடையதாகவே சொல்லி வந்துள்ளனர் என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தி நம்மவருள் பலர் அறியாதது.

கதைப்போக்கு

பாடுவோர்க்கேற்பக் கதை மாறும் என்பதை முதலிலேயே மனங்கொள்ள வேண்டும். எனினும் எல்லா வடிவங்களுக்கும் பொதுவான எலும்புக்கூடு ஒன்று உண்டு. உலகில் அரக்கர் மிகுந்து அறம் குன்றியபோது விண்ணுலகத்து மைந்தன் ஒருவனை மண்ணுலகிற்கு அனுப்ப முடிவு செய்கின்றனர். அவன் லிங் நாட்டுத் தலைவருள் ஒருவனாகிய செங்லோனுக்கும், நாகர் குலத்தவளாகிய கோக்மோவுக்கும் மகனாகப் பிறக்கிறான். விண்ணுக்கு வானவர், மண்ணுக்கு மாந்தர், நீருக்கு நாகர் என மூவுலகையும் ஒரே பிறப்பில் இணைத்துவிடும் இந்த அமைப்பு, பௌத்தத்திற்கு முற்பட்ட பழைய திபெத்திய உலகநோக்கின் எச்சம் என்பர் ஆய்வாளர்.

பிறந்த குழந்தை அழகனல்லன். மூக்குச்சளி வழியும் முகமும், கிழிந்த தோலாடையும், குறும்புக் குணமும் உடைய சிறுவன், பெயர் ஜோரு. அவனுடைய சிற்றப்பன் திரோதுங் அவனைப் பிறந்த அன்றே கொல்ல முயன்று தோற்கிறான். பின்னர்த் தாயும் மகனும் நாட்டைவிட்டு விரட்டப்படுகின்றனர். மஞ்சளாற்றின் தலைப்பகுதியில், ஆளில்லாப் புல்வெளியில், வேர்களைத் தோண்டித் தின்று அவர்கள் வாழ்கின்றனர். காப்பியத்தின் மிக உருக்கமான பகுதி இதுவே என்பது நம் கருத்து. பின்னால் வரும் பெரும்போர்களை ஒத்தவை பிற காப்பியங்களிலும் உண்டு. இரந்துண்ணும் ஒரு தாயின் அழுக்குப் பிள்ளையை நாயகனாக வைத்து, கேட்போரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் செய்யும் துணிவு எல்லாக் காப்பியங்களுக்கும் இல்லை.

திருப்பம் ஒரு குதிரைப் பந்தயத்தில் நிகழ்கிறது. வெல்பவனுக்கு லிங் நாட்டின் அரியணையும், துருக்மோ என்னும் பேரழகியின் கையும் பரிசு. பந்தயத்தை அறிவிப்பவன் திரோதுங்கே. தன் குதிரையே வெல்லும் என்று தெய்வவாக்கு வந்ததாக அவன் நம்புகிறான். அந்த வாக்கைக் காக்கை வடிவில் வந்து உரைத்தவனோ ஜோரு! சிறுவன் தன் குதிரையேறி வருகிறான், ஊர் நகைக்கிறது, வழியில் கணியனையும் மருத்துவனையும் நிறுத்தி வேடிக்கையாக வம்பு பேசுகிறான், ஈற்றில் முந்திச்சென்று அரியணையில் அமர்கிறான். அழுக்குருவம் உதிர, ஒளிமிக்க வேந்தனாக வெளிப்படுகிறான். கேசர் என்னும் பெயர் அவனுக்கு அப்போதுதான் நிலைக்கிறது.

அதன்பின் நான்கு திசைப் பகைவரை வெல்லும் போர்கள் தொடங்குகின்றன. வடதிசை அரக்கன் லுட்சென், ஹோர் நாட்டரசன் குர்கர், ஜாங் நாட்டரசன் சதாம், தென்திசை மோன் நாட்டரசன் சிங்திரி ஆகிய நால்வரோடும் செய்யும் போர்கள் காப்பியத்தின் நடுத்தூண்கள். இவற்றுள் ஹோர் போரே பாணரும் கேட்போரும் பெரிதும் விரும்புவது. லுட்சென்னைக் கொன்ற கேசர், மறதியூட்டும் உணவை உண்டு நாட்டையும் மனைவியையும் மறந்து வடநாட்டிலேயே ஆண்டுகள் பல தங்கிவிடுகிறான். அந்நேரத்தில் ஹோர் அரசன் படையெடுத்து வந்து துருக்மோவைக் கவர்ந்து செல்கிறான். லிங் நாட்டின் உண்மையான காவலனாக நின்ற கேசரின் மாற்றாந்தாய் வழித் தமையன் கியாட்சா அப்போரில் மாள்கிறான். நினைவு திரும்பிய கேசர் கொல்லன் வீட்டுப் பணியாளாக வேடம் புனைந்து ஹோர் நாட்டினுள் புகுந்து பழி தீர்க்கிறான்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. நாயகன் மறந்திருந்தான், அவன் மறதிக்குத் தமையன் உயிரும் நாட்டின் மானமும் விலையாயின. காப்பியம் இதை மறைப்பதில்லை. கியாட்சாவின் இறப்புக்குக் காரணமான ஹோர் தளபதி ஷென்பாவைக் கேசர் கொல்லாமல் தன் படையிலேயே சேர்த்துக்கொள்கிறான். பழிக்குப் பழி என்னும் மேய்ச்சல் நிலத்து நீதியும், பகைவனை உறவாக்கும் அரசியல் அறிவும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது.

சிற்றப்பன் திரோதுங்கைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கோழை, பேராசைக்காரன், காட்டிக்கொடுப்பவன். ஆயினும் அவன் இன்றிக் கதை ஓரடியும் நகராது. பெரும்பாலான போர்களுக்கு அவன் செய்த திருட்டோ பேசிய பொய்யோ வித்து. அவைக்களத்தில் அவன் வரும் பகுதி வந்தால் சிரிப்பு எழும்.

போர்களுக்குப் பொருள் என்ன?

நான்கு பெரும்போர்களையடுத்துப் 'பதினெட்டுப் பெருங்கோட்டைகள்' எனப்படும் போர்த்தொடர் வருகிறது. கோட்டை என்பதற்குரிய திபெத்தியச் சொல் ஜோங். ஒவ்வொரு கோட்டையும் ஒரு செல்வத்தின் பெயரால் வழங்குகிறது. மங்கோலியரிடமிருந்து குதிரைகள், துருக்கியரிடமிருந்து போர்க்கவசங்கள், காஷ்மீரத்திலிருந்து நீலப்பச்சை மணிகள், தாசிக் நாட்டிலிருந்து ஆநிரையும் பெருநிதியும், தென்னாட்டிலிருந்து அரிசி, பிறிதோர் இடத்திலிருந்து பவளம் என லிங் நாட்டுக்கு வந்து சேர்கின்றன. ஜாங் நாட்டோடு நிகழ்ந்த போரோ உப்பேரிக்காக எழுந்தது. கடல்மட்டத்திற்கு மேல் நாலாயிரம் மீட்டர் உயரத்தில், யாக் எருதும் ஆடும் குதிரையுமே செல்வமாக வாழும் மக்களுக்கு எவையெவை அரியனவோ அவையெல்லாம் இக்கோட்டைகளில் உள்ளன. நடு ஆசிய வணிக வழிகளின் பண்டப்பட்டியலைப் போர்க்கதையாக மாற்றினால் எப்படி இருக்குமோ அப்படியிருக்கிறது இது. ஆநிரை கவர்தலைத் திணையாகவே வகுத்துக்கொண்ட இலக்கணத்தைப் படித்த மாணவர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும்.

காப்பியத்தின் ஈற்றுப் பகுதி போர்க்களத்தில் இல்லை, நரகத்தில் இருக்கிறது. இறந்துபோன தன் தாய் நரகில் உழல்வதை அறிந்து அவளை மீட்கச் செல்கிறான் கேசர். கொன்று குவித்த உயிர்களுக்கெல்லாம் யார் பொறுப்பு என்னும் வினா, வெற்றி பாடும் காப்பியத்தினுள் இவ்வாறு நுழைந்துவிடுகிறது. தாயை மீட்டபின் அவன் உலகை விட்டு நீங்குகிறான். மீண்டும் வருவான் என்பது மக்கள் நம்பிக்கை.

கனவில் வரும் பாட்டு

கேசர் பாடும் கதைஞர்களில் பல வகையினர் உண்டு. பிறர் சொல்லக் கேட்டுக் கற்றவர் ஒரு வகை. ஏட்டைப் பார்த்து இசையோடு படிப்போர் ஒரு வகை. வெண்கலக் கண்ணாடியில் காட்சிகளைக் கண்டு உரைப்பதாகக் கூறுவோரும் உளர். இவர்கள் எல்லாரினும் உயர்ந்தோராகக் கருதப்படுபவர் 'இறங்கிய கதை' பெற்றோர், அதாவது கதை தம்மீது தானே வந்திறங்கியதாகக் கூறுவோர். இவர்களது வரலாறுகள் பெரும்பாலும் ஒரே போக்கின. மேய்ச்சலுக்குச் சென்ற சிறுவன் உறங்கிவிடுகிறான்; கேசரின் வீரர்கள் கனவில் வருகின்றனர்; விழித்தபின் நோயுற்றவன் போலவும் பித்தன் போலவும் பிதற்றுகிறான்; பெற்றோர் ஒரு லாமாவிடம் அழைத்துச் செல்ல, அவர் சடங்கு செய்து 'கதையின் வாயிலைத்' திறந்துவிடுகிறார்; அன்றுமுதல் தடையின்றிப் பாடுகிறான். யூமென் என்னும் பெண் கதைஞர் தம் இளமையில் கருநிற ஏரிக்கும் வெண்ணிற ஏரிக்கும் இடையே நிகழ்ந்த கனவொன்றில் தமக்குக் கதை கிடைத்ததாகக் கூறியவர். அவருடைய தந்தையும் கதைஞரே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கனவுக்கு முன்பே செவிவழி வந்த கல்வி எவ்வளவு என்பது புலப்படும். கனவை நாம் மறுக்க வேண்டியதில்லை. கேட்டுக்கேட்டு உள்ளத்தில் ஊறியிருந்தது ஒருநாள் உடைந்து வெளிப்படுவதைக் கனவென்று அச்சமூகம் பெயரிட்டு, பாடும் உரிமையையும் அதனால் வழங்கியது என்று கொள்ளலாம்.

இக்கதைஞருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் திராக்பா. 1906-இல் பிறந்து 1986-இல் மறைந்த இவர் எழுதப்படிக்கத் தெரியாதவர். தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் லாசாவில் அறிஞர் முன் அமர்ந்து ஒலிநாடாவில் பாடிப் பதிவு செய்தார். 25 பகுதிகள் முடிந்து 26-ஆம் பகுதி நடந்துகொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. பதிவானவை ஏறத்தாழ 6 இலட்சம் அடிகள். ஹோமரின் இலியத்து 15,000 அடிகளைச் சற்றே தாண்டியது என்பதையும், பிர்தௌசியின் ஷாநாமா ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்டது என்பதையும் நினைத்தால், ஒரு மனிதர் நினைவில் கிடந்த பெருமலையின் அளவு தெரியவரும். சம்துருப் என்னும் மற்றொரு பெருங்கதைஞர் 2011-இல் மறைந்தார். இவரும் எழுத்தறியாதவரே.

உலகின் மிக நீண்ட காப்பியம் கேசர் காப்பியமே என்றும், அது பத்து இலட்சம் அடிகளைத் தாண்டும் என்றும் பெருமையாக எழுதுவோர் உளர். இவ்வகைக் கணக்கில் நமக்கு உடன்பாடு குறைவு. ஒரே போரைப் பத்துக் கதைஞர் பத்து விதமாகப் பாடினால் அது ஒன்றா, பத்தா? வாய்மொழிக் காப்பியத்தை அடிக்கணக்கில் அளப்பது ஆற்றைக் குடத்தால் அளப்பதை ஒக்கும்.

இத்துணைப் பெரிய கதையை நினைவில் வைத்திருப்பது எவ்வாறு? கதைப்போக்கு உரைநடையில் விரைவாகச் சொல்லப்படுகிறது. பாத்திரங்களின் பேச்சு பாட்டாக வருகிறது. ஒவ்வொரு பாட்டும் ஏறத்தாழ ஒரே அமைப்புடையது. முதலில் பொருளற்ற இசையசைகள். பின் தெய்வத்தை அழைத்தல். பின் 'இவ்விடம் இன்னது, என்னை அறியாயாயின் நான் இன்னான்' என்று தன்னை அறிவித்தல். பின் பழமொழிகளை அடுக்கிச் செய்தியைச் சொல்லுதல். முடிவாகக் கேட்டவன் மனங்கொள்ளுமாறு வேண்டுதல். பாத்திரத்திற்கேற்ப மெட்டு மாறும். குதிரையையும் கவசத்தையும் புகழும் பகுதிகள் எப்போரிலும் எடுத்துப் பொருத்தத்தக்க வாய்பாடுகளாக உள்ளன. கதைஞன் மனப்பாடம் செய்வது அடிகளையன்று. அடிகளை ஆக்கும் முறையை. சங்கப் பாடல்களில் இத்தகைய வாய்பாட்டுத் தொடர்களை ஆராய்ந்து பேராசிரியர் க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்தோர்க்கு இம்முறை புதிதன்று.

கதைஞர் சிலர் பாடுமுன் தலையில் உயர்ந்த தொப்பியொன்றை அணிவர். இறகுகளும் சங்கும் மணியும் பதித்த அதன் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் கூறிப் பாடுவதே ஒரு தனிப்பாட்டு. சிலர் வெற்றுத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பாடுவர். எழுத்தறியாதவன் எழுதாத தாளைப் 'படிக்கும்' இக்காட்சி வியப்பும் ஒருவகை நுட்பமும் கலந்தது.

கைசர் – கேசர்

இனிப் பெயரைக் காண்போம். கேசர் என்பது திபெத்தியச் சொல்லாக இருப்பினும் மூலத்தில் திபெத்தியப் பெயரன்று. பழைய திபெத்திய நூல்கள் 'புரோம் கேசர்' என்றொரு வேந்தனைச் சுட்டுகின்றன. சட்டத்திற்குச் சீன வேந்தன், அறநெறிக்கு இந்திய வேந்தன், செல்வத்திற்குத் தாசிக் வேந்தன், படைக்குக் கேசர் என நாற்றிசை மன்னரை அவை வகைப்படுத்துகின்றன. புரோம் என்பது ரோம். கேசர் என்பது சீசர். இலத்தீனச் சொல் கிரேக்கத்தில் கைசர் ஆகி, அரபியில் கைசர் என்றே வழங்கி, நடு ஆசியா வழியாகத் திபெத்தை அடைந்தது. ரூம் என்னும் பெயரைத் திருக்குர்ஆனின் 30-ஆம் அத்தியாயத்தின் தலைப்பாக நாம் அறிவோம். ரூமின் கைசராகிய ஹிரக்ல் மன்னருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மடல் விடுத்த செய்தியும் நம் நூல்களில் பயின்று வருவது. அதே பட்டப்பெயர் கிழக்கே பனிமலைகளைத் தாண்டி ஒரு மேய்ச்சல் நாட்டு வேந்தனின் இயற்பெயராக மாறியிருப்பது சொற்களின் பயணத்துக்கு நல்ல சான்று.

இப்பயணத்தின் நடுவழியில் ஒரு வரலாற்று மன்னரும் நிற்கிறார். எட்டாம் நூற்றாண்டில் காபுல் பகுதியை ஆண்ட துருக்கிய ஷாஹி மரபில் புரோமோ கேசரோ என்பார் ஒருவர் இருந்தார். அவர் 738-ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்ததைச் சீன வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பாக்திரிய எழுத்தில் அமைந்த நாணயங்களில் அவர் பெயரும், அவர் தாஜிகரை, அஃதாவது அரபியரை வென்றார் என்னும் செய்தியும் காணப்படுகின்றன. அறிஞர் ஹெல்முத் ஹும்பாக் இந்நாணயங்களைப் படித்து, திபெத்தியக் கேசரின் பெயருக்கு வேர் இதுவே எனக் காட்டினார். 717–718-இல் கான்ஸ்தாந்திநோபிள் முற்றுகையை ரோமப் பேரரசர் முறியடித்த புகழ் பரவியதால் அப்பெயரை அம்மன்னர் சூடிக்கொண்டார் என்று கருதுவோரும் உண்டு. திபெத்தின் கீழைப் பகுதியாகிய காம் நாட்டில் லிங்சாங் எனும் சிற்றரசு இருந்ததையும், அதன் ஆட்சியாளர் தம்மைக் கியாட்சாவின் வழியினராகக் கூறிக்கொண்டதையும் காட்டி, பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த உள்ளூர் வீரனே கேசர் என்பார் மற்றொரு சாரார். பெயர் மேற்கிலிருந்து வந்தது, கதை கிழக்கில் வளர்ந்தது என்று கொண்டால் இரு கருத்துகளுக்கும் பகை இல்லை.

தாசிக், காச்சே என்னும் இரு சொற்கள் நமக்கு மேலும் நெருக்கமானவை. தாசிக் என்பது பாரசீக, அரபு நாடுகளுக்குத் திபெத்தியர் இட்ட பெயர். தாஜிக் என்னும் சொல்லின் திரிபாகிய இதனைத் திபெத்தியர் 'புலி–சிறுத்தை' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதித் தம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டனர். காச்சே என்பது காஷ்மீரம். காஷ்மீரத்து முஸ்லிம் வணிகர் லாசாவில் குடியேறி நிலைபெற்றமையால், முஸ்லிம் என்பதற்கே திபெத்திய மொழியில் காச்சே என்னும் சொல் வழங்கலாயிற்று. அம்மக்களிடையே தோன்றிய 'காச்சே பாலு' என்னும் அறவுரை நூல் திபெத்திய இலக்கியத்தில் தனியிடம் பெற்றது.

கேசர் இவ்விரு நாடுகளோடும் போரிட்டு வெல்கிறான். மடாலயத்தார் தொகுத்த வடிவங்களில் இந்நாட்டார் புறச்சமயத்தார் என்றே சுட்டப்படுகின்றனர். இதனை மூடிமறைத்துப் பயனில்லை. ஆயினும் தாசிக் போர் எதனால் எழுந்தது? திரோதுங் அந்நாட்டுக் குதிரைகளைத் திருடியதால். குற்றம் லிங் நாட்டின்மீதே என்று காப்பியமே முதலில் பதிவு செய்துவிடுகிறது. பகைவரின் வீரத்தையும் செல்வத்தையும் குறைத்துப் பாடும் வழக்கமும் இல்லை. குறைத்தால் வென்றவனுக்கு என்ன பெருமை?

ஏடும் தடையும்

சமயச் சான்றோர் இக்கதையை நெடுங்காலம் நாடோடிகளின் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலை மாறியது. மிபம் (1846–1912) என்னும் பேரறிஞர் கேசரைப் பற்றிய துதிகளை இயற்றினார். அவர் மேற்பார்வையில் லிங்சாங்கில் காப்பியத்தின் முதற்பகுதிகள் அச்சுக்கட்டைகளில் வெட்டப்பட்டன. ஆனால் அச்சில் முந்திக்கொண்டது மங்கோலிய வடிவமே. அது 1716-இல் பேரரசர் காங்ஷியின் காலத்தில் பீக்கிங் நகரில் அச்சாயிற்று. ஐரோப்பியர் கேசரை அறிந்ததும் அதன் வழியே. ஐ. ஜே. ஷ்மித் 1839-இல் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பைச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் ரோல்ஃப் ஸ்டைன் 1959-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் தலைநூலாகும்.

சைபீரியாவின் புரியாத் மக்களிடையே கதை வேறு வண்ணம் பெற்றது. அங்குப் பௌத்தம் பின்தள்ளப்பட்டு, மேற்கு வானத்து 55 வெண்தெய்வங்களுக்கும் கிழக்கு வானத்து 44 கருந்தெய்வங்களுக்கும் நிகழும் போரிலிருந்து கதை தொடங்குகிறது. மன்ஷுத் இமெகெனோவ் என்னும் பாடகரிடமிருந்து 1906-இல் ஜம்சரானோ அதை எழுதிக்கொண்டார். ஸ்டாலின் காலத்தின் இறுதியில் அங்குக் கேசர் நிலவுடைமைக் காலத்துக் கான்களின் நாயகன் என்று பழிக்கப்பட்டான். காப்பியத்தைப் போற்றியோர் இன்னலுற்றனர். 1953-இல் உலான்-உதே நகரில் கூடிய அறிஞர் மாநாட்டின் பின்னரே அது மக்கள் காப்பியம் என்று ஏற்கப்பட்டது. திபெத்திலோ 1966 முதல் பத்தாண்டுகள் நீடித்த பண்பாட்டுப் புரட்சியில் பாடுதல் தடைப்பட்டது, ஏடுகள் எரிந்தன. அது தணிந்தபின் அரசே கதைஞரைத் தேடிப் பதிவு செய்யத் தொடங்கியது. 2009-இல் யுனெஸ்கோ இம்மரபை மானுடத்தின் பண்பாட்டு மரபுச்செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு தலைமுறைக்குள் குற்றமாகவும் பெருமையாகவும் ஒரே பாட்டு கருதப்பட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முஸ்லிம்களின் கேசர்

மேலைத் திபெத்திய நிலங்களாகிய லடாக்கிலும் பால்டிஸ்தானத்திலும் கேசர் கதை குளிர்கால இரவுகளுக்கு உரியது. வயல் வேலை முடிந்து, பனி வழிகளை அடைத்தபின், அடுப்பைச் சூழ்ந்து அமர்ந்து இரவுதோறும் தொடராகக் கேட்பர். லடாக்கின் கலாட்சே ஊரில் பணியாற்றிய மொரேவியக் கிறித்துவ ஊழியர் ஏ. எச். ஃபிராங்கே அங்கு வழங்கிய வடிவத்தை எழுதி எடுத்தார்; கல்கத்தா ஆசியக் கழகம் அதனை 1905 தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்டது. இவ்வடிவில் பௌத்தச் சாயல் மிகக் குறைவு. மேலுலகம், நடுவுலகம், கீழுலகம் என்னும் பழைய உலகமே அதில் மேலோங்கி நிற்கிறது.

பால்டிஸ்தானத்து மக்கள் திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பால்டி பேசுவோர். பதினான்காம் நூற்றாண்டு முதல் படிப்படியாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள். அமீர் கபீர் சையித் அலி ஹமதானி (ரஹ்) அவர்களின் பெயர் அங்கு இன்றும் பேரன்போடு நினைக்கப்படுகிறது. சமயம் மாறியது, எழுத்து மாறியது, பள்ளிவாசல்கள் எழுந்தன, மர்சியாவும் கஸீதாவும் பால்டி மொழியில் மலர்ந்தன. கேசர் மட்டும் போகவில்லை. விண்ணிலிருந்து வந்த வேந்தன் என்னும் அளவில் அவன் கதை தொடர்ந்தது. பௌத்தத் தெய்வங்கள் கதையிலிருந்து மெல்ல விலகின.

முஸ்லிம்கள் இத்தகைய கதையைப் பாடுவது தகுமா என்னும் ஐயம் நம் பெரியோர் சிலர்க்கு எழக்கூடும். எழுவதில் பிழையில்லை. நம்பிக்கைக்குரிய செய்தி வேறு, கதை என்று தெரிந்தே கேட்கும் கதை வேறு என்னும் தெளிவு அம்மக்களுக்கு இருந்தது என்பதே நம் விடை. இஸ்லாத்துக்கு முந்திய பாரசீக அரசர்களின் வரலாற்றைப் பாடியவர் பிர்தௌசி என்னும் முஸ்லிம். அதனை ஓதிக் காத்தவர்களும் முஸ்லிம்களே. ஒரு மொழியின் பழஞ்சொல்லும் பழமொழியும் குதிரை வகைகளின் பெயர்களும் வில்லின் உறுப்புகளின் பெயர்களும் அவ்வகைக் கதைகளில்தாம் ஒதுங்கி உயிர் பிழைக்கின்றன. பால்டியில் கேசர் சொல்லும் முதியோர் அருகி வருகின்றனர். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் குளிர்கால இரவுகளை எடுத்துக்கொண்டன. திராக்பாவுக்குக் கிடைத்த ஒலிநாடாவும் அறிஞர் குழுவும் பால்டிக் கதைஞர் எல்லார்க்கும் கிடைக்கவில்லை. இங்கு இழப்பு என்பது ஒரு கதையின் இழப்பன்று, ஒரு மொழியின் அகராதியினது இழப்பு.

திபெத்திய மொழிக்குத் தொடர்பே இல்லாத புருஷாஸ்கி மொழி பேசும் ஹுன்சா மக்களிடத்தும் இக்கதை சென்றிருக்கிறது. ஆங்கிலேய அதிகாரியும் மொழியறிஞருமான டி. எல். ஆர். லோரிமர் அங்குக் கேட்ட வடிவத்தை 1931-இல் வெளியிட்டார். அங்கு நாயகன் பெயர் கிசர். ஹுன்சாப் பள்ளத்தாக்கின் மேல், பனி தங்காத அளவு செங்குத்தாக, விரல்போல் நிமிர்ந்து நிற்கும் ஒரு கொடுமுடி உண்டு. புபுலிமோத்தின் என்பது அதன் பெயர். கிசர் ஹுன்சாவில் மணந்த புபுலி என்னும் இளவரசியை, தன் நாட்டுக்குத் திரும்பும்போது அக்கொடுமுடியில் அமர்த்திவிட்டுப் போனானாம். ஒரு சேவலையும் ஒரு மூட்டைத் தினையையும் அவளிடம் கொடுத்து, 'ஆண்டுக்கு ஒரு மணி வீதம் சேவலுக்குப் போடு. மூட்டை தீர்ந்ததும் வருவேன்' என்றானாம். ஹுன்சா மக்கள் முஸ்லிம்கள். கொடுமுடியைச் சுட்டி இக்கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவர்களும் அவர்களே.